பழைய ஆலை, குறைந்த விலை: பிராசஸர் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

குறைந்த விலைக் கணினிகளிலும் கைபேசிகளிலும் இருக்கும் பிராசஸர்களைப் பற்றி வந்த கடிதங்களில் பல, ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றைத் தேர்ந்து இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குக் கணினி வாங்கக் கடையில் விசாரித்தபோது, ‘கோர் 5 110’ என்ற இன்டெல் பிராசஸரைக் காட்டி, 2025-இல் வந்த புதிய மாடல் என்றார்கள். கணினித் துறையில் இருக்கும் என் தங்கை மகனோ அது ஐந்து ஆண்டுப் பழைய சரக்கு என்கிறான். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ‘கோர் 5 110’ என்ற பெயர் இன்டெல் பட்டியலில் 2025-இல்தான் இடம்பெற்றது. ஆனால் 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ‘கோர் ஐ5-10400’ பிராசஸரின் விவரங்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தென்படுவதில்லை. இரண்டிலும் 6 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), 12 திரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடக்கூடிய வேலைச் சரடுகள்), 2.9 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் வேகம், 12 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), 65 வாட் மின் அளவு. இரண்டும் மதர்போர்டில் பிராசஸரைப் பொருத்தும் இடமான சாக்கெட்டில், எல்ஜிஏ1200 என்ற வகையில் பொருந்துபவை. இரண்டும் 14 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை (இந்த எண் சிறிதாகச் சிறிதாக, சிப்பில் உள்ள நுண் மின்விசைகளான டிரான்சிஸ்டர்களும் சிறிதாகும், முறையும் புதியது என்று பொருள்). அந்த உற்பத்தி முறையை இன்டெல் 2014-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பள்ளி, கல்லூரி வேலைகளுக்கும், கணக்கு எழுதுவதற்கும், இணையம் பார்ப்பதற்கும் இந்த பிராசஸர் இன்றைக்கும் போதுமானது. இதன் மூலமான 10400, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்களின் பட்டியலிலும் இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்ஜிஏ1200 சாக்கெட்டுக்கு 2021-இல் வந்த பதினோராம் தலைமுறையே கடைசி. ஆகவே சில ஆண்டுகள் கழித்து மதர்போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்ற நினைத்தால் அதற்கான வழி மிகக் குறுகியது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 உள்ள கணினியைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைத்தால் வாங்குங்கள். விலை நெருங்கி வந்தால் வேண்டாம். பழைய முறையில் செய்த பொருளைக் குறைந்த விலைக்கு விற்பதில் தவறே இல்லை. அதன் வயதை மறைக்கும்படியாகப் புதுப் பெயர் சூட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அதனால் ஏமாறுபவர் எப்போதும் விவரம் அறியாமல், சேமித்த பணத்தோடு கடைக்கு வருபவராகவே இருக்கிறார்.

கேள்வி: டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக ஒரு சிலிக்கான் தகட்டில் அதிகச் சிப்களை வெட்டலாம், ஆகவே விலை குறையும் என்று வகுப்பில் படித்தோம். அப்படியானால் புதிய ஆலையின் சிப்தானே மலிவாக இருக்க வேண்டும்? பழைய ஆலையின் சிப் எப்படி மலிவாகிறது?
(பொறியியல் மாணவி, திருநெல்வேலி)

பதில்: நீங்கள் படித்தது பல பத்தாண்டுகள் உண்மையாக இருந்தது. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 2011-இல் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த 28 நானோமீட்டர் முறை வரைக்கும் அந்தக் கணக்கு ஏறத்தாழச் சரியாகவே வந்தது. அதன் பிறகு டிரான்சிஸ்டர் சிறிதாவது தொடர்ந்தாலும், அதைச் சிறிதாக்குவதற்கான செலவு அதைவிட வேகமாக ஏறத் தொடங்கியது.

சிப் என்பது ஒளியால் அடுக்கடுக்காக வடிவம் பதித்துச் செய்யப்படுவது. 28 நானோமீட்டர் வரை பெரும்பாலான அடுக்குகளை ஒரே பதிவில் முடிக்க முடிந்தது. அதற்குக் கீழே போனபோது, பயன்படுத்திய ஒளியின் அலைநீளம் பதிக்க வேண்டிய கோடுகளைவிட மிகப் பெரிதாக இருந்ததால், முக்கியமான அடுக்குகளின் வடிவத்தை இரண்டாகவும் பிறகு நான்காகவும் பிரித்துப் பதிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கூடுதல் பதிவுக்கும் இயந்திர நேரமும், பதிக்க வேண்டிய வடிவத்தைத் தாங்கிய மாஸ்க் என்ற தகடுகளும், பிழை நேரும் வாய்ப்பும் கூடுகின்றன. இன்டெல்லின் 10 நானோமீட்டர் முறை பல ஆண்டுகள் தாமதமானதற்கு இப்படி நான்காகப் பிரித்துப் பதிப்பதில் ஏற்பட்ட சிக்கல் ஒரு முக்கியக் காரணம். இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்த, மிகக் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளியைப் பயன்படுத்தும் இயந்திரத்தை உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான் செய்கிறது. ஓர் இயந்திரத்தின் விலை 15 கோடி டாலருக்கும் மேல்.

இனி கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். சிப் ஆலை ஒன்றின் முதலீட்டில் பெரும்பகுதி இயந்திரங்களின் விலைதான். நிறுவனங்கள் அந்த விலையைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுதோறும் தேய்மானமாக எழுதுகின்றன. இன்டெல் முன்பு ஐந்து ஆண்டுகள் என்று வைத்திருந்ததை 2023 தொடக்கத்திலிருந்து எட்டு ஆண்டுகள் என்று மாற்றியதே, இயந்திரங்கள் எவ்வளவு காலம் பயன் தருகின்றன என்பதைப் பற்றிய அதன் மதிப்பீட்டைக் காட்டுகிறது. தேய்மானக் காலம் முடிந்த பிறகும் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்போது சிப்பின் அடக்க விலையில் மிஞ்சுவது மூலப்பொருள், மின்சாரம், நீர், சம்பளம், பராமரிப்பு ஆகியவையே. தவணை கட்டி முடித்த லாரிக்காரர், புது லாரிக்காரரால் கட்டுப்படியாகாத வாடகைக்கும் சரக்கு ஏற்ற முடிவதற்கு எது காரணமோ, அதுவேதான் இதற்கும் காரணம்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை. வேஃபர் எனப்படும் ஒரு சிலிக்கான் தகட்டில் பதித்த சிப்கள் எல்லாம் தேறிவிடுவதில்லை. புதிய முறையில் தொடக்கத்தில் தேறும் விகிதம் குறைவாக இருக்கும். பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் தூசையும், வேதிப்பொருள்களின் அளவையும், வெப்பநிலையையும் சரிசெய்து சரிசெய்துதான் அதை உயர்த்துகிறார்கள். பழைய ஆலையின் உண்மையான சொத்து இந்த அனுபவம்தான் என்பது என் கருத்து. வடிவமைப்புச் செலவும் அப்படியே. ஏற்கெனவே செய்து முடித்த வடிவமைப்புக்கும், ஏற்கெனவே செய்து வைத்த மாஸ்க்குகளுக்கும் மறுபடி பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: செலரான், பென்டியம் போன்ற மலிவுப் பிராசஸர்கள் பழுதான சிப்களிலிருந்து செய்யப்படுகின்றன என்பது உண்மையா?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: ஓரளவு உண்மை. ஒரு சிப்பில் ஒரு கோரோ, கேஷின் ஒரு பகுதியோ சரியாக அமையாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் நிரந்தரமாக முடக்கிவிட்டு, மீதியைக் குறைந்த விலை மாடலாக விற்பது வழக்கம். 2019 ஜனவரியில் இன்டெல் அறிவித்த ‘ஐ5-9400எஃப்’ போன்றவற்றில் வரைகலைப் பகுதி முடக்கப்பட்டிருந்தது. மீதியாக விற்கும் பகுதி முழுச் சோதனையில் தேறியதே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் விற்பனை பெருகும்போது முடங்கிய சிப்கள் போதுவதில்லை. நல்ல சிப்பையே முடக்கியோ, சிறிய சிப்பைத் தனியாக வடிவமைத்தோ விற்கிறார்கள்.

கேள்வி: கணினி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். 2018, 2019 ஆண்டுகளில் மலிவான இன்டெல் பிராசஸர்கள் திடீரென்று கிடைக்காமல் போய், விலை ஏறியது. பழைய ஆலையில் செய்வது அவ்வளவு எளிது என்றால் தட்டுப்பாடு ஏன் வர வேண்டும்? மறுபடியும் அப்படி ஒரு நிலை வருமா?
(ஒரு வணிகர், மதுரை)

பதில்: உங்கள் கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். பழைய ஆலை மலிவானதுதான். ஆனால் அதன் கொள்ளளவு வரம்புள்ளது, அந்த வரம்பு நெருக்கும்போது முதலில் வெளியேற்றப்படுவது மலிவான சிப்தான்.

இன்டெல்லில் முன்பு ஓர் ஒழுங்கு இருந்தது. புதிய ஆலை வந்ததும் முன்னணிப் பிராசஸர்கள் அங்கே போகும். காலியாகும் பழைய ஆலையில் மதர்போர்டுக்கான சிப்செட்களும் மலிவான சிப்களும் செய்யப்படும். 10 நானோமீட்டர் ஆலை காலத்தில் வராததால் இந்த ஒழுங்கு குலைந்தது. 2018-இல் சர்வர்களுக்கான ஜியான், மேசைக்கணினிக்கான கோர், ஐபோனுக்குள் வைக்கப்பட்ட மோடம், அந்த ஆண்டுதான் 22-இலிருந்து 14 நானோமீட்டருக்கு மாற்றப்பட்ட சிப்செட்கள் ஆகிய எல்லாம் ஒரே 14 நானோமீட்டர் ஆலைகளில் இடம் கேட்டன. அதே சமயத்தில் கணினிச் சந்தையும் எதிர்பாராமல் வளர்ந்தது.

2018 செப்டம்பர் இறுதியில், அப்போது இடைக்காலத் தலைமை அதிகாரியாக இருந்த பாப் ஸ்வான் வாடிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஜியானுக்கும் கோருக்கும் முன்னுரிமை தருகிறோம் என்றும், தொடக்க நிலைக் கணினிகளுக்கான சரக்குதான் குறிப்பாக இறுக்கமாக இருக்கும் என்றும் அதில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஓரிகன், அரிசோனா, அயர்லாந்து, இஸ்ரேல் ஆகிய இடங்களில் 14 நானோமீட்டர் உற்பத்திக்காகக் கூடுதலாக 100 கோடி டாலர் செலவிடுவதாகவும் அறிவித்தார். உங்கள் கடையில் பென்டியம் கிடைக்காமல் போனதன் காரணம் அந்த மடலிலேயே இருக்கிறது.

அதன் பின் நடந்தவற்றைக் கவனித்துப் பாருங்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த ‘பி365’ சிப்செட், அதற்கு முன் வந்த ‘பி360’ போல 14 நானோமீட்டரில் செய்யப்படாமல், பழைய 22 நானோமீட்டருக்கே திரும்பிப் போனது. 2019 டிசம்பரில், 2013-இல் வெளிவந்து நிறுத்தப்படவிருந்த ‘பென்டியம் ஜி3420’ என்ற 22 நானோமீட்டர் பிராசஸரின் நிறுத்த அறிவிப்பை இன்டெல் திரும்பப் பெற்றது. ஆறாண்டுப் பழைய சிப்புக்கு மறுவாழ்வு தரும் அளவுக்கு இடநெருக்கடி இருந்தது.

மறுபடியும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள், ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 அக்டோபரில் மூன்றாம் காலாண்டு முடிவுகளை வெளியிட்டபோது, ‘இன்டெல் 10’, ‘இன்டெல் 7’ (10 நானோமீட்டரும் அதன் மேம்பட்ட வடிவமும்) ஆகிய பழைய முறைகளில் கொள்ளளவு போதாமல் தேவையை முழுமையாக நிறைவேற்ற முடியவில்லை என்று இன்டெல் தெரிவித்தது. தொடக்க நிலைக் கணினிச் சிப்களைக் காட்டிலும் சர்வர் சிப்களுக்கே வேஃபர்களை முதலில் ஒதுக்குவதாகவும் அது சொன்னது. 2018-இல் எடுத்த அதே முடிவுதான். வாடிக்கையாளர்கள் புதிய, விலை கூடிய சிப்களைவிட முந்தைய தலைமுறைச் சிப்களையே விரும்பிக் கேட்டதும் இந்த நெருக்கடிக்குக் காரணம். பழைய முறை ஒன்றுக்காகப் புதிதாக ஆலை கட்ட நிறுவனங்கள் எளிதில் முன்வருவதில்லை. புதிதாகக் கட்டினால் தேய்மானம் முடிந்த ஆலை என்ற ஆதாயமே இல்லாமல் போய்விடுமே. ஆகவே வணிகராகிய உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, மலிவு மாடல்களை ஒரே நிறுவனத்தை நம்பி இருப்பு வைக்காதீர்கள் என்பதுதான்.

கேள்வி: புதிய வடிவமைப்பைப் பழைய ஆலையிலேயே செய்துவிட்டால் வேகமும் கிடைக்கும், விலையும் குறையும் அல்லவா?
(கணினி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இன்டெல் அதைச் செய்து பார்த்தது. 10 நானோமீட்டருக்கென்று வரைந்த கோர் வடிவமைப்பை 14 நானோமீட்டருக்குத் திருப்பி அமைத்து, 2021 மார்ச்சில் பதினோராம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்களாக விற்றது. டிரான்சிஸ்டர் பெரிதானதால் சிப்பும் பெரிதானது, மின்சாரமும் அதிகம் தேவைப்பட்டது. முந்தைய தலைமுறையின் ‘ஐ9-10900கே’யில் 10 கோர்கள் இருந்தன, ‘ஐ9-11900கே’யில் 8 கோர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்தப் புதிய வடிவமைப்பு ஐ5-க்குக் கீழே வரவே இல்லை என்பதைத்தான் மலிவுக் கணினி வாங்குபவர் கவனிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் வந்த ஐ3, பென்டியம் மாடல்கள் பழைய வடிவமைப்பையே கொண்டிருந்தன, ‘ஐ3-10105’ என்ற எண்ணின் தொடக்கத்தில் உள்ள 10, அதாவது பத்தாம் தலைமுறை, அதைச் சொல்லிவிடும்.

இதற்கு நேர்மாறான வழியை, இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022-இல் எடுத்தது. 2019-இன் ‘ஜென் 2’ வடிவமைப்பை டிஎஸ்எம்சியின் 6 நானோமீட்டர் முறையில் சிறிய சிப்பாகச் செய்து, ‘ரைசன் 7020’ வரிசை என்று மலிவு லேப்டாப்களுக்குக் கொடுத்தது. வடிவமைப்பு பழையது, உற்பத்தி முறை புதியது. ஆகவே பேட்டரி நீடிக்கும், வேகம் சுமாராக இருக்கும். இப்படி 7-இல் தொடங்கும் ரைசன் லேப்டாப் எண்களில் மூன்றாம் இலக்கம் வடிவமைப்பின் தலைமுறையைக் குறிப்பது: ‘7520யு’ என்றால் ஜென் 2, ‘7730யு’ என்றால் ஜென் 3. முதல் இலக்கத்தைப் பார்த்து மட்டும் புதியது என்று முடிவு செய்துவிடக் கூடாது என்று உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏஎம்டிக்குச் சொந்த ஆலை கிடையாதே. அது ஏன் பழைய முறையில் சிப் செய்கிறது?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முன்பு இருந்தது. 2009-இல் தன் ஆலைகளைப் பிரித்து குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாக்கிய ஏஎம்டி, அந்த நிறுவனத்திடம் குறிப்பிட்ட அளவு வேஃபர் வாங்குவதாக ஒப்பந்தமும் செய்துகொண்டது. வாங்க முடியாத ஆண்டில் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2012 டிசம்பரில் வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்வதற்காக மட்டும் 32 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. முன்னணிச் சிப்களுக்கு ஏஎம்டி டிஎஸ்எம்சியை நாடியது. ஆனால் நியூயார்க் மாநிலத்தின் மால்டா ஆலையில் 14, 12 நானோமீட்டர் வேஃபர் வாங்கும் கடப்பாடு தொடர்ந்தது.

அந்த வேஃபர்களை ஏஎம்டி வீணாக்கவில்லை என்பதை நான் பாராட்டுகிறேன். 2019 நவம்பரில் 49 டாலர் விலையில் வந்த ‘ஆத்லான் 3000ஜி’ 14 நானோமீட்டரில் செய்யப்பட்டது. குறைந்த செலவில் கணினி சேர்க்க நினைத்த எத்தனையோ பேருக்கு அது கைகொடுத்தது. அதே ஆண்டு வந்த உயர்நிலை ரைசன் 3000 பிராசஸர்களில்கூட, கணக்கிடும் கோர்கள் 7 நானோமீட்டர் சிப்பிலும், நினைவகத்தோடும் பிற பாகங்களோடும் தொடர்புகொள்ளும் பகுதி தனியாக 12 நானோமீட்டர் சிப்பிலும் இருந்தன. தொடர்புப் பகுதி சிறிதாவதால் பெரிய ஆதாயம் இல்லை. ஆகவே அதை மலிவான முறைக்கு விட்டுவிட்டு, விலை உயர்ந்த வேஃபரைக் கோர்களுக்கு மட்டும் செலவிட்டார்கள்.

கேள்வி: குறைந்த விலைக் கைபேசிகளும் இப்படித்தானா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஆம். 2021 தீபாவளிக்கு 6,499 ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட், குவால்காமின் 28 நானோமீட்டர் சிப்பைக் கொண்டிருந்தது. அந்த முறை அப்போதே பத்தாண்டுப் பழையது. மீடியாடெக்கின் ‘ஹீலியோ ஜி85’, யுனிசாக்கின் ‘டி606’ ஆகியவை 12 நானோமீட்டர். கைபேசியில் பழைய முறையின் விலையைப் பேட்டரியும் சூடும் வழியாகக் கொடுக்கிறோம். அதனால் மேசைக்கணினியைவிடக் கைபேசியில் இதை நான் கூடுதல் எச்சரிக்கையோடு பார்ப்பேன்.

பள்ளிகளில் பயன்படும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019-இன் நான்காம் மாடல் 28 நானோமீட்டர், 2023-இன் ஐந்தாம் மாடல் 16 நானோமீட்டர். 2021-இல் 4 டாலருக்கு வந்த ‘பைக்கோ’ பலகையில் உள்ள சிப் 40 நானோமீட்டர். பிந்திய முறையில் செய்திருந்தால் அந்த விலைக்கு அதைக் கொடுத்திருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

கேள்வி: பழைய முறையில் செய்த சிப் சீக்கிரம் கெட்டுவிடுமா? மின்கட்டணம் கூடுமா?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: கெட்டுவிடாது. உற்பத்தி முறையின் வயது வேறு, உங்கள் கையில் உள்ள சிப்பின் வயது வேறு. கார்களுக்கும் தொழிற்சாலைக் கருவிகளுக்கும் நீண்ட காலம் உழைக்க வேண்டிய சிப்களை நன்கு பழகிய பழைய முறைகளிலேயே செய்கிறார்கள்.

மின்சாரம் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. 2008-இல் இன்டெல் ‘ஆட்டம் 230’ என்ற சிக்கனப் பிராசஸரைக் கொண்டுவந்தது. அதன் மின் அளவு 4 வாட் மட்டுமே. ஆனால் அதோடு இணைத்த ‘945ஜிசி’ என்ற பழைய சிப்செட்டுக்கு 22 வாட் தேவைப்பட்டது. இன்டெல்லே விற்ற மதர்போர்டில் பிராசஸரின் மேல் வெறும் உலோகத் தகடும், சிப்செட்டின் மேல் விசிறியும் இருந்தன. ஒரு பாகத்தில் பழைய சரக்கைச் சேர்த்ததால் முழுக் கணினியின் சிக்கனமும் போயிற்று. இன்று 24 மணி நேரமும் ஓட வேண்டிய சிறு கணினி வேண்டுமென்றால், 14 நானோமீட்டர் மேசைக்கணினிச் சிப்பைவிட, 2023-இல் வந்த 6 வாட் ‘என்100’ ஏற்றது. அது ‘இன்டெல் 7’ முறையில் செய்யப்பட்டது. 10 நானோமீட்டரின் மேம்பட்ட வடிவத்துக்கு 2021-இல் வைத்த பெயர்தான் அது. நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் வீட்டுக் கணினிக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல.

கேள்வி: குஜராத்தின் தொலேராவில் கட்டப்படும் ஆலை 28 நானோமீட்டராமே. உலகம் 3 நானோமீட்டரில் இருக்கும்போது நாம் பழையதைக் கட்டுவது சரியா? அங்கிருந்து மலிவு பிராசஸர் வருமா?
(ஓய்வுபெற்ற ஊழியர், சென்னை)

பதில்: சரி என்பதே என் உறுதியான கருத்து. டாடா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தைவானின் சிப் நிறுவனமான பிஎஸ்எம்சியோடு சேர்ந்து 91,000 கோடி ரூபாய் முதலீட்டில் அமைக்கும் அந்த ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாதம் 50,000 வேஃபர் என்ற திட்ட அளவோடு, 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான முறைகள் அங்கே வரும். 2020-க்குப் பின் உலகெங்கும் கார் ஆலைகளை நிறுத்திவைத்த தட்டுப்பாடு பெரும்பாலும் இத்தகைய பழைய முறைச் சிப்களில்தான் ஏற்பட்டது. ஜப்பானே குமமோட்டோவில் டிஎஸ்எம்சியை அழைத்து, பெரும் அரசு மானியத்தோடு 28, 22, 16, 12 நானோமீட்டர் ஆலையைக் கட்டி 2024 பிப்ரவரியில் திறந்தது.

ஆனால் உங்கள் இரண்டாம் கேள்விக்கு அவ்வளவு மகிழ்ச்சியான பதில் இல்லை. தொலேராவின் இலக்கு மின் மேலாண்மைச் சிப்கள், திரை இயக்கிகள், கருவிகளைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகன்ட்ரோலர்கள் போன்றவை. விண்டோஸ் ஓடும் பிராசஸர் அல்ல. அது புத்தம் புதிய ஆலை என்பதால் முதல் ஆண்டுகளில் தேய்மானச் சுமை முழுவதும் அதன் தலையில் இருக்கும். தைவானில் எப்போதோ முதலீட்டை மீட்டுவிட்ட 28 நானோமீட்டர் ஆலைகளோடு அது விலையில் போட்டியிட வேண்டும். அரசு முதலீட்டில் பெரும்பங்கை ஏற்பது இதனால்தான்.

வடிவமைப்பில் நம்மிடம் ஆள் உண்டு. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ பிராசஸர் குழு 2018-இல் ஒரு சிப்பை அமெரிக்காவில் உள்ள இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்றை மொகாலியில் உள்ள அரசு ஆலையின் 180 நானோமீட்டரிலும் செய்து காட்டியது. 180 நானோமீட்டர் என்பது 1999-இன் பென்டியம் 3 காலத்து முறை. மின் மீட்டர், பம்ப் கட்டுப்பாடு, சிறு கருவிகள் ஆகியவற்றுக்கு அந்தக் குழுவின் வடிவமைப்புகளை 28 நானோமீட்டரில் உள்நாட்டிலேயே செய்ய வழி பிறந்தால், மொகாலியிலிருந்து தொலேராவுக்குப் பல தலைமுறைத் தூரத்தை ஒரே எட்டில் கடந்திருப்போம்.